ஜேசிபி வருவதற்கு முன்னால் மட்டம் வரட்டும்

சித்திரை, வைகாசி ஆகிவிட்டால் புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத் தோட்டங்களில் ஜேசிபி சத்தம் ஓயாது. ஒருவர் பண்ணைக்குட்டை வெட்டுவார். ஒருவர் எலுமிச்சை வரிசைகளுக்கு நடுவே மழைநீர்ப் பள்ளம் எடுப்பார். இன்னொருவர் ஓடையிலிருந்து குட்டைக்கு வாய்க்கால் இழுப்பார். மழைத்தண்ணீரைத் தோட்டத்துக்குள்ளேயே பிடித்து வைக்கணும் என்கிற எண்ணம் நம்ம உழவர்களுக்கு வந்திருக்கிறதே, அது பெரிய காரியம். அந்தோணிசாமி, கோமதிநாயகம் போன்ற முன்னோடிகளால் இயற்கை உழவர்கள் நடுவே பெயர் வாங்கிய ஊர் இது. 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. அந்த எலுமிச்சை நாளைக்கும் நிற்கணும் என்றால் தண்ணீர் நிற்கணும்.

ஆனால் இந்த வேலைகளில் எல்லாரும் இருப்பார்கள், ஒரே ஒரு ஆள் மட்டும் இருக்க மாட்டார். மட்டம் பார்க்கிறவர்.

தோட்டக்காரர் கையை நீட்டி "இப்படியே நேரா ஒரு வாய்க்கால் எடுங்க தம்பி" என்பார். ஓட்டுநர் தம்பி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "கண்ணுக்கே தெரியுதே அண்ணாச்சி, இதுக்குப் போயி எதுக்கு மட்டம்?" என்று பக்கெட்டை இறக்குவார். மணிக்கு ஆயிரத்துக்கு மேல் வாடகை ஓடுகிற வண்டி. அதை நிறுத்திவைத்து அளக்க யாருக்கும் மனசு வராது. இரண்டு நாளில் வேலை முடியும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போதுதான் தெரியும், பள்ளத்தில் பாதி காய்ந்து கிடக்கிறது, மீதிப் பாதியில் கரை உடைந்து தண்ணீர் கீழ்த்தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று.

நான் சொல்ல வருவது இதுதான். ஜேசிபி தோட்டத்துக்குள் வருவதற்கு முந்தின நாளே லேசர் லெவலும் ரிசீவரும் வந்துவிட வேண்டும். வண்டி வெட்டுகிற நேரம் முழுக்க அது கூடவே நிற்க வேண்டும். இயற்கை உழவர் குழு ஒவ்வொன்றும் விதை வங்கி வைத்திருப்பது போல இதிலும் ஒன்று வாங்கி வைக்க வேண்டும். "என்னய்யா இது, இயற்கை விவசாயப் பத்திரிகையில லேசர் கருவிக்கு வக்காலத்தா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கண் எப்படி ஏமாற்றுகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

நம்ம பக்கத்து நிலம் மேற்கே மலையிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில் கரிசலை நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. செங்குத்தாக நிற்கிற மலையைத் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அதன் காலடியில் இருக்கிற தோட்டம் சமமாகத்தான் தெரியும். 100-க்கு 3 சரிவு உள்ள நிலத்தைக் காட்டி "மேசை மாதிரி இருக்கு பாருங்க" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். அதாவது 100 மீட்டர் நடந்தால் 3 மீட்டர் இறங்கியிருப்போம், ஒரு ஆளை விட உயரம். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ஒரு பள்ளத்தின் இரண்டு முனைக்கும் நடுவே உள்ள ஒன்றரை அடி வித்தியாசம் எங்கே தெரியப் போகிறது?

அந்த ஒன்றரை அடி என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம். கரை சரியாகச் சமமட்டத்தில் இருந்தால் ஒரு தடவை நிரம்பினால் 27,000 லிட்டர். ஒரு முனை மட்டும் ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது என்று வையுங்கள். தண்ணீரின் மேல்பரப்பு எப்போதும் கிடைமட்டமாகத்தான் நிற்கும். தாழ்ந்த முனையில் வழியத் தொடங்கும்போது மேட்டு முனையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. கொள்ளளவு பாதியாகிவிடும், 13,500 லிட்டர்தான். வண்டிக்குக் கொடுத்த காசில் பாதி போயிற்று. அது போனால் போகிறது. வழிகிற தண்ணீர் அத்தனையும் ஒரே இடத்தில் வழியுமே, அதுதான் ஆபத்து. 100 மீட்டர் நீளத்துக்குப் பரவலாக, விரல் கனத்தில் வழிய வேண்டியது ஒரே வாயில் பாய்ந்தால் புதுக்கரை எப்படித் தாங்கும்? ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை என்றால் 40,000 லிட்டருக்கு மேல். ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் இரண்டு லட்சம் லிட்டர். அதில் ஒரு பங்கு ஓடிவந்தாலே போதும், கரையை அறுத்து, ஐந்தாறு வருஷமாக மூடாக்கு போட்டுச் சேர்த்த மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும்.

மட்டம் தப்பிய பள்ளத்தை விட, பள்ளமே இல்லாத நிலம் மேல். சும்மா கிடந்தால் தண்ணீர் பரவி ஓடும். நாமாக வெட்டிக் கொடுத்த தப்பான பள்ளம் அதை ஒன்று சேர்த்து, அரிக்கிற பலத்தையும் கொடுத்து அனுப்புகிறது.

சரி, நம்ம முன்னோர் லேசர் வைத்தா வெட்டினார்கள்? இல்லைதான். தாமிரபரணியில் கன்னடியன் கால், கோடகன் கால், பாளையன் கால், நதியுண்ணிக் கால் எல்லாம் மைல் கணக்கில் மேட்டு ஓரமாகவே வளைந்து வளைந்து போகின்றன. வேகமாக ஓடினால் அரிக்கும், மெதுவாக ஓடினால் வண்டல் தங்கும். இரண்டுக்கும் நடுவே சரிவைப் பிடித்திருக்கிறார்கள். மட்டம் தெரியாதவர்கள் வெட்டின வாய்க்கால் இல்லை அவை. வயலில் நாற்று நடுவதற்கு முன்னால் தண்ணீரைக் கட்டிப் பரம்படிக்கிறோமே, அங்கே தண்ணீரே மட்டக்கோல். மேடு எங்கே இருக்கிறதோ அது தண்ணீருக்கு மேலே தலையைக் காட்டும், பரம்பு அதை இழுத்துப் பள்ளத்தில் போடும். மம்பட்டியால் வாய்க்கால் எடுக்கிறவர் கொஞ்சம் வெட்டி, தண்ணீரை விட்டு, அது போகிற போக்கைப் பார்த்து மீண்டும் வெட்டுவார். வேலை மெதுவாக நடந்ததால் திருத்திக்கொள்ள நேரம் இருந்தது.

ஜேசிபி அந்த நேரத்தைத் தருவதில்லை. பத்துப் பேர் ஒரு நாள் முழுக்க வெட்டுகிற மண்ணை அது சாப்பாட்டு வேளைக்குள் வெட்டிப் போட்டுவிடும். தப்பையும் அதே வேகத்தில் செய்துவிடும். வெட்டுகிற வேகம் கூடும்போது அளக்கிற வேகமும் கூட வேண்டாமா? நாம் ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு மற்றதைக் கண்பார்வைக்கு விட்டுவிட்டோம்.

இங்கே ஏ-பிரேம் பற்றியும் டியூப் லெவல் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் இயக்கப் பயிற்சிகளில் காலங்காலமாகச் சொல்லித் தருவது இவற்றைத்தான். மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் இருந்தால் ஏ-பிரேம் ஆயிற்று. கொத்தனார் வைத்திருக்கிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பினால் டியூப் லெவல் ஆயிற்று. மகாராஷ்டிராவில் 2016-ல் தொடங்கிய பானி அறக்கட்டளையின் தண்ணீர்க் கோப்பைப் போட்டிக்காக ஊர் ஊராக ஆண்களும் பெண்களும் இந்த மாதிரி எளிய கருவிகளை வைத்துத்தான் சமமட்டக் கோடு போட்டார்கள், கையாலும் வெட்டினார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர், மம்பட்டியால் வெட்டப் போகிறவர், இவர்களுக்கெல்லாம் அதுவே போதும். அவர்களிடம் போய் லேசர் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வண்டி வைத்து வெட்டும்போது இவை இரண்டுக்கும் ஒரு குறை உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. டியூப் லெவல் வைத்து முளைக்குச்சி அடித்துக் கோலப்பொடியும் போட்டுவிடுவோம். ஜேசிபி முதல் வாரு வாரியதுமே குச்சியும் போயிற்று, கோடும் போயிற்று. அப்புறம் பள்ளத்தின் அடிமட்டம் எங்கே என்பது ஓட்டுநரின் கண்ணுக்கே மறுபடி போய்விடுகிறது. டியூபைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வண்டிக்குப் பக்கத்தில் பள்ளத்துக்குள் இறங்கி நிற்க முடியாது. நிற்கவும் கூடாது. இன்னொன்று, டியூபைப் பத்து தடவை இடம் மாற்றினால் ஒவ்வொரு தடவையும் சின்னப் பிழை சேரும்.

லேசர் லெவல் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஸ்டாண்டு மேல் ஒரு தலை சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து வருகிற ஒளி தோட்டம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சமமட்டத் தட்டு மாதிரி விரிந்து நிற்கும். வெயிலில் அந்தச் சிவப்பு ஒளி நமக்குத் தெரியாது. அதைப் பிடிப்பதற்குத்தான் ரிசீவர். அளவு போட்ட ஸ்டாஃபில் ரிசீவரை மாட்டி ஒரே ஆள் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். ஒளி ரிசீவரின் நடுவே பட்டால் விடாமல் ஒரே சத்தமாகக் கத்தும். மேலே கீழே போனால் விட்டு விட்டுக் கத்தும், அம்புக்குறியும் காட்டும். அம்பு கீழே காட்டினால் மண் இன்னும் மேடாக இருக்கிறது, வெட்டு என்று அர்த்தம். மேலே காட்டினால் ஆழம் போய்விட்டது, நிறுத்து. பள்ளத்தில் ஆறு அடி வெட்டியதும் பக்கெட்டைத் தள்ளி வைக்கச் சொல்லி, ஸ்டாஃபை அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆறு அடி. அரை நிமிஷ வேலை. ஒரு மணி நேரம் போனால் ஓட்டுநரே அந்தச் சத்தத்துக்குப் பழகி அதைக் கேட்டே பக்கெட்டை இறக்கத் தொடங்கிவிடுவார்.

சரிவு கொடுக்க வேண்டிய வாய்க்காலாக இருந்தால் சிலர் குழம்பிப் போகிறார்கள். விலை கூடின கருவிகளில் சரிவையே லேசரில் வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கருவியிலும் முடியும். வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் ஸ்டாஃபை அடிமட்டத்தில் நிறுத்தி, விடாமல் கத்துகிற இடத்தில் ரிசீவரை இறுக்குங்கள். 150 சென்டிமீட்டரில் நின்றது என்று வைப்போம். 100 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும் என்றால் 10 மீட்டருக்கு 3. அடுத்த 10 மீட்டரில் ரிசீவரை 153-க்கு ஏற்றணும், அதற்கடுத்து 156. கவனியுங்கள், ஏற்றணும். வாய்க்கால் இறங்குகிறது, நாமும் ரிசீவரை இறக்குவோம் என்று நினைத்து இறக்கினால் வாய்க்கால் மேடு ஏறிவிடும்! ஒளி அதே உயரத்தில் நிற்கிறது, நாம்தான் கீழே இறங்கிப் போகிறோம். ஆகவே அடியிலிருந்து ஒளி வரைக்கும் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகும். ஒரு துண்டுச் சீட்டில் 10, 20, 30 என்று தூரத்தையும் எதிரே அளவையும் முதல் நாள் இரவே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் வண்டிச் சத்தத்தில் தடுமாற வேண்டாம்.

எவ்வளவு சரிவு, சரிவே வேண்டாமா என்பதை மண்தான் சொல்லும். புளியங்குடிக்கு மேற்கே செம்மண், சரளை கலந்த மண், தண்ணீர் இறங்குகிற மண். அங்கே பள்ளத்தைச் சமமட்டமாகவே எடுக்கலாம், தண்ணீர் நின்று ஊறும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் கரிசல். அது காய்ந்தால் கையை விடுகிற அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் தண்ணீரை இறங்க விடாது. கரிசலில் சமமட்ட வரப்புப் போட்டுத் தண்ணீரைக் கட்டி வைத்தால், வெடிப்பு வழியே புகுந்து வரப்பையே பிளந்துவிடும். அங்கே 100 மீட்டருக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் வரை மெல்லிய சரிவு கொடுத்து, கூடுதல் தண்ணீரைப் புல் முளைத்த வடிகால் வழியே குட்டைக்கோ ஓடைக்கோ கூட்டிப் போகணும். நம்மாழ்வார் ஐயா 1960-களில் வேலை பார்த்த கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இதே கரிசல் சீமையில்தான். மானாவாரிக்காரனுக்கு இந்த மண்ணின் குணத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் செம்மண் தோட்டத்தில் நன்றாக வந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே கரிசலில் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

எலுமிச்சைக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. தண்ணீர் கிடைக்காவிட்டால் காய் சிறுக்கும். தண்ணீர் தூரில் தேங்கினால் பட்டை அழுகிப் பிசின் வடிந்து மரமே போகும். பள்ளம் ஒரு முனையில் தாழ்ந்து அங்கேயே குளம் கட்டி நின்றால், அந்த முனையில் இருக்கிற நாலு மரத்துக்குத்தான் முதலில் கேடு. மேட்டு முனையில் இருக்கிற மரங்கள் காயும். ஒரே வரிசையில் ஒரு பக்கம் அழுகல், ஒரு பக்கம் வாடல். தோட்டக்காரர் நோய் என்று நினைத்து மருந்து தேடுவார், பஞ்சகவ்யா தெளிப்பார். மட்டத்தில் இருக்கிற கோளாறுக்கு எந்தக் கரைசலும் மருந்து ஆகாது.

மறுகாலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 38 லட்சம் லிட்டர். இதைப் பிடித்து வைக்கிற பள்ளத்தை யாரும் வெட்ட முடியாது. ஆகவே பிடிப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, விடுவதற்கும் அவ்வளவு கவனம் வேண்டும். நம்ம குளங்களில் மடைக்கு இருக்கிற மரியாதை மறுகாலுக்கும் உண்டு. பண்ணைக்குட்டைக்கும் பள்ளத்துக்கும் மறுகால் எங்கே, எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு அகலமாக என்று முதலிலேயே தீர்மானிக்கணும். கரையின் மேல்மட்டத்திலிருந்து ஒரு அடியாவது தாழ்ந்திருக்கணும். புதுக்கரை முதல் மழையில் அமுங்கும், அதற்கும் சேர்த்து வைக்கணும். மறுகாலின் வாய் ஒரு முனைக்கு இன்னொரு முனை ஒரு அங்குலம் கூட ஏறி இறங்காமல் இருந்தால்தான் தண்ணீர் அகலமாகப் பரவி வழியும். அந்த ஒரு அங்குலத்தைக் கண்ணால் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வழிகிற தண்ணீர் யாருக்குப் போகிறது என்பதும் மட்டக் கணக்குத்தான். மேல்தோட்டக்காரர் பள்ளம் தப்பினால் கீழ்த்தோட்டக்காரர் வயலில் மண் மூடும். வரப்புச் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகிற ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், ஓடைக்குப் போக வேண்டிய தண்ணீரை மொத்தமாக மறித்து நம்ம குட்டைக்குத் திருப்பிவிட்டு 'மழைநீர் அறுவடை' என்று பெயர் வைப்பதும் சரியில்லை. கீழே ஒரு குளம் இருக்கிறது, அதற்கு ஆயக்கட்டு இருக்கிறது. நம்ம தோட்டத்தில் விழுந்த மழை நமக்கு, மீதி ஓடைக்கு. அப்படிப் பிரித்து விடுவதற்கும் மறுகால் மட்டம் சரியாக இருந்தால்தான் முடியும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "மறுபடியும் ஒரு மெஷினா?" ஜேசிபியைத் தோட்டத்துக்குள் விடாதவர் இதைக் கேட்டால் அவருக்கு ஒரு கும்பிடு, பதில் இல்லை. ஆனால் பெரும்பாலும் கேட்கிறவர்கள் ஏழெட்டு டன் வண்டியை உள்ளே விட்டுவிட்டு, ஒரு கையில் தூக்குகிற கருவியைப் பார்த்து இயற்கைக்கு விரோதம் என்கிறார்கள். இந்தக் கருவி மண்ணைத் தொடுவதில்லை. நஞ்சு தெளிப்பதில்லை. வருஷா வருஷம் காசு கேட்பதுமில்லை. வெட்டுகிறவனுக்கு எங்கே நிறுத்தணும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். சொல்லப்போனால் வெட்டுகிற மண்ணின் அளவையே இது குறைக்கும்.

லேசரைப் பற்றி உண்மையிலேயே எச்சரிக்கை வேண்டிய இடம் வேறு. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற லேசர் சமன்படுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. 2001 வாக்கில் மேற்கு உத்தரப் பிரதேசத்து நெல், கோதுமை வயல்களில் நுழைந்து பரவியது. நஞ்சை வயலில் தண்ணீர் மிச்சமாகும் என்பது நிஜம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டுச் சரிவான புஞ்சையை, தோட்டத்தை ஒரே தளமாக்குகிறேன் என்று இறங்கினால் மேட்டில் இருக்கிற மேல்மண் முழுக்கப் பள்ளத்துக்குப் போய்விடும். மேட்டில் மிஞ்சுவது சரளையும் சுண்ணாம்புப் பாறையும்தான். பத்து வருஷமாகத் தொழுவுரமும் பலதானியமும் போட்டு உண்டாக்கின மண்ணை ஒரே நாளில் புதைப்பதற்கு இது சமம். தண்ணீருக்கு மட்டம் பாருங்கள், மண்ணை மட்டமாக்காதீர்கள்! பள்ளம் வெட்டும்போதும் அப்படித்தான். முதல் அரையடி மேல்மண்ணைத் தனியாக ஒரு பக்கம் வாரி வைத்துவிட்டு அடிமண்ணைக் கரையாகப் போட்டு, கடைசியில் மேல்மண்ணை அதன் தலையில் போர்த்தச் சொல்லுங்கள். ஓட்டுநர் முணுமுணுப்பார். அரை மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும். கரையில் அகத்தியோ கிளரிசிடியாவோ வெட்டிவேரோ பிடிக்கணும் என்றால் அது வேண்டும்.

கருவி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கிற, சுவரில் பச்சைக்கோடு சிவப்புக்கோடு அடிக்கிற சின்ன லேசர் தோட்டத்து வேலைக்கு ஆகாது. பகல் வெயிலில் கோடு தெரியாது. ரிசீவரோடு சேர்ந்து வேலை செய்யாத மாடல் என்றால் காசு தண்டம். தலை சுற்றுகிற வகைதான் வேண்டும், அதற்கேற்ற ரிசீவர், ஸ்டாண்டு, ஸ்டாஃப் சேர்த்து. சில பத்தாயிரங்கள் ஆகும். தனி ஆள் வாங்குவது வீண், வருஷத்தில் நாலு நாள் தேவைப்படும் பொருள். பத்துப் பதினைந்து பேர் குழுவாக வாங்கினால் ஆளுக்கு ஒரு மூட்டை எலுமிச்சை விலைதான் வரும், சந்தை நன்றாக இருக்கிற மாதத்தில் பார்த்தால். வாங்க முடியாத இடத்தில் சர்வேயர்கள், கட்டட வேலைக்காரர்கள் வைத்திருக்கிற ஆட்டோ லெவலை ஆளோடு ஒரு நாள் வாடகைக்குப் பேசலாம். அதில் ஒருவர் கண்ணாடி வழியே பார்த்துக் கத்தணும், ஒருவர் ஸ்டாஃப் பிடிக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாங்கின கருவியைக் கண்மூடி நம்பவும் வேண்டாம். கீழே விழுந்த லேசர் பொய் சொல்லும். 30 மீட்டர் தள்ளி ஒரு சுவரில் ஒளி விழும் இடத்தை ரிசீவர் வைத்துக் குறியுங்கள். கருவியை அதே ஸ்டாண்டில் அரை வட்டம் திருப்பி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சரிபார்க்கக் கொடுக்கணும். வேலை நாளில் ஸ்டாண்டை உழுத மண்ணில் நிறுத்தாதீர்கள், மெல்ல இறங்கும். கிணற்று மேட்டுக் கல்லிலோ பனைமரத்திலோ ஓர் அடையாளம் வைத்து, காலையில் எடுத்த அளவு மதியமும் சாயங்காலமும் வருகிறதா என்று பாருங்கள். யாராவது ஸ்டாண்டைத் தட்டிவிட்டுச் சொல்லாமல் போயிருப்பார்கள், நம்ம ஊரில் நடக்காததா! ஒளி கண்ணுக்கு நேரே வராத உயரத்தில் வையுங்கள், பிள்ளைகளை அதை உற்றுப் பார்க்க விடாதீர்கள். ஸ்டாஃப் பிடிக்கிறவர் பள்ளத்துக்குள் இறங்கும்போது பக்கெட் தரையில் கிடக்கணும். இதில் மட்டும் அவசரம் கூடாது.

இதே கருவி கிணற்றிலிருந்து தோட்டத்துக்குப் பைப் புதைக்கும்போதும் உதவும். பைப் ஏறி இறங்கிக் கிடந்தால் மேட்டில் காற்று கட்டி, மோட்டார் போட்டதும் எங்காவது ஒரு மூட்டு வெடிக்கும். கோழிக்கொட்டகை, மாட்டுத்தொழுவத் தரைக்குச் சாய்மானம் பார்க்கவும் ஆகும்.

அரசாங்க வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நூறு நாள் வேலையாக இருந்தாலும் சரி, மானியத்தில் வெட்டுகிற பண்ணைக்குட்டையாக இருந்தாலும் சரி, அளவுப் புத்தகத்தில் ஏறுவது நீளம், அகலம், ஆழம். எத்தனை கன மீட்டர் மண் வெட்டினார்கள் என்பதற்குத்தான் கூலி. ஜேசிபிக்கு மணிக்கணக்கு. யாருக்குமே மட்டத்துக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத வேலையை யார் செய்வார்கள்? ஓட்டுநரைக் குறை சொல்லிப் புண்ணியம் இல்லை, அவர் கேட்டதைச் செய்கிறார். மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கணக்கு முடிப்போம் என்று தோட்டக்காரரும் சொல்வதில்லை, அதிகாரியும் சொல்வதில்லை.

உழவன் செயலியின் இ-வாடகை வழியாக வேளாண்மைப் பொறியியல் துறை நமக்கு வண்டிகளை வாடகைக்குத் தருகிறது. நல்ல திட்டம். அந்த வண்டியோடு மட்டம் பார்க்கும் கருவியும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளும் சேர்ந்தே வரவேண்டும், வாடகையில் நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை. பண்ணைக்குட்டை மானியப் படிவத்தில் மறுகால் மட்டம், கரை மட்டம் என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. உழவர் குறைதீர் கூட்டத்தில் நம்ம ஆட்கள் இந்த வைகாசிக்குள் இதை மனுவாகவே கொடுக்கலாம்.

அதுவரை குழுக்கள் காத்திருக்க வேண்டாம். தோட்டம் பெரிதாக உள்ள இரண்டு பேர் முன்பணம் போட்டுக் கருவியை எடுக்கட்டும். உறுப்பினருக்கு ஒரு விலை, வெளியாளுக்கு ஒரு விலை என்று நாள் வாடகை வைத்தால் இரண்டு மூன்று பருவத்தில் முதல் திரும்பிவிடும். ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு இருக்கிற பிள்ளைகள் இரண்டு பேருக்கு, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் ஸ்டாஃப் பிடிக்கிற கூலி அவர்களுக்கு. ரிசீவர் பேட்டரியைக் கழற்றி வைப்பது யார் பொறுப்பு என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். கழற்றாமல் மழைக்காலம் முழுக்கப் பெட்டியில் கிடந்து பேட்டரி கசிந்தால், அடுத்த சித்திரையில் வண்டி வந்து நிற்கும்போது ரிசீவர் கத்தாது.